மாதம் எவ்வளவு என்று கேட்காதேங்கோ

போன எபிசோடின் கடைசியில குடும்ப எஸ்.யூ.வி லீஸ் பற்றி ஐந்து நிமிடம்தான் கதைத்தோம். அதுக்கு வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே மாதிரி: "மாதம் 700 டொலர் கேக்கிறாங்கள், நல்ல டீலா?" இதுக்கு ஒருத்தராலும் பதில் சொல்ல ஏலாது. மாதக் கட்டணம் ஒரு அவுட்புட். உள்ளே என்ன போனது என்று தெரியாமல் அவுட்புட்டை மட்டும் பார்த்து ஒரு சிஸ்டம் சரியா பிழையா என்று சொல்லுவீங்களா?

லீஸுக்குள்ள போகிறது அஞ்சு விசயம். காருக்குப் போட்ட விலை, லீஸ் முடியும்போது அதன் மதிப்பு எவ்வளவு என்று எழுதியிருக்கிற ரெசிடுவல், வட்டி வீதம், எத்தனை மாதம், நீங்கள் முதலில் கட்டுகிற டவுன் காசு. கிலோமீட்டர் எல்லை ரெசிடுவலுக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கு. கூடுதல் கிலோமீட்டர் கேட்டால் ரெசிடுவல் குறையும், மாதக் கட்டணம் ஏறும்.

கணக்கு ஃபோன் கல்குலேட்டரிலேயே செய்யலாம். விலையில் இருந்து ரெசிடுவலைக் கழித்து மாதங்களால் பிரித்தால் தேய்மானம் வரும். பிறகு விலையையும் ரெசிடுவலையும் கூட்டி (ஓம், கூட்டத்தான் வேணும்), வட்டியால் பெருக்கி, 24ஆல் பிரித்தால் மாத வட்டி. இரண்டின் சராசரிதான் கடனின் நடுத்தர அளவு. அதுக்கு 2ஆல் பிரிக்க வேணும், ஆண்டு வட்டியை மாதமாக்க 12ஆல் பிரிக்க வேணும், அதனால்தான் 24. எக்செலில் பி.எம்.ரி ஃபங்ஷன் போட்டுப் பார்க்கிற ஆக்களுக்கும் சில டொலருக்குள்ளதான் வித்தியாசம் வரும்.

நான் உதாரணத்துக்குப் போட்ட இரண்டு ஒஃபரைப் பாருங்கோ. ஒரே கார், ஸ்டிக்கர் விலை 48,000, ரெசிடுவல் அதில் பாதி, 24,000. 48 மாதம்.

முதல் டீலர்: ஃப்ரைட், கட்டணம் எல்லாம் சேர்த்து 50,000, வட்டி 6 வீதம், டவுன் இல்லை. தேய்மானம் 541.67, வட்டி 185. மாதம் 726.67, வரி வேற.

இரண்டாவது டீலர் "இரண்டு கிழமைக்கு 310 டொலர்தான் அண்ணா" என்று சொல்லுறார். மனக்கணக்கில 620 வருது, நூறு டொலர் மிச்சம் போல இருக்கும். ஆனா இரண்டு கிழமைக்கொரு கட்டணம் என்றால் ஆண்டுக்கு 26 தரம், 24 இல்லை. மாதத்துக்கு மாற்றினால் 671. பேப்பரைப் புரட்டினால் 5,000 டவுன் இருக்கு. விலை 51,500, ஏனென்றால் கண்ணாடியில் நம்பர் பொறிக்கிறது, டயருக்கு நைட்ரஜன், துருத்தடுப்பு என்று 1,500 டொலருக்குச் சாமான் ஏற்றியாச்சு. வட்டி 6.9. டவுனை 48ஆல் பிரித்துச் சேர்த்தால் உண்மையான மாதக் கட்டணம் 775.60. நாலு வருசத்தில 2,349 டொலர் கூட, 13 வீத எச்.எஸ்.ரி சேர்த்தால் 2,650க்கு மேல். "மலிவான" ஒஃபர் இதுதான்.

அதனால ஷோரூமுக்குப் போக முதல் ஈமெயில் போடுங்கோ. ஒரே மொடல், ஒரே ட்ரிம், ஒரே மாதம், ஒரே கிலோமீட்டர் என்று எழுதி மூன்று நாலு டீலரிடம் விலை, ரெசிடுவல், வட்டி, டவுன், கட்டண விபரம் தனித்தனியாகக் கேளுங்கோ. "நேரில வாங்கோ, கதைப்பம்" என்று மட்டும் பதில் எழுதுகிற ஆளை லிஸ்ட்டில இருந்து எடுத்துவிடலாம். நேரில போனால் முதல் கேள்வி "உங்கட மாத பட்ஜெட் எவ்வளவு?" என்றுதான் வரும். அந்த எண்ணைச் சொல்லாதேங்கோ. சொன்னால் மாதத்தைக் கூட்டியோ டவுனைக் கூட்டியோ அந்த எண்ணை உங்களுக்குக் காட்டுவினம், விலை அப்படியே இருக்கும்.

பேரம் பேசக்கூடியது விலையில்தான். ரெசிடுவலை லீஸ் கொம்பனி வைக்கிறது, அதுவும் ஸ்டிக்கர் விலையின் வீதமாக. ஆகவே நீங்கள் விலையில் குறைக்கிற ஒவ்வொரு டொலரும் நேரே தேய்மானத்தில் குறையும். மேலே உள்ள கணக்கில 1,000 டொலர் குறைத்தால் மாதம் 23 டொலர் இறங்குது. வட்டியை உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் முதலே பாருங்கோ. பேப்பரில் அதைவிடக் கூட இருந்தால் ஏன் என்று கேக்கிறதில வெட்கம் என்ன இருக்கு? ஒன்ராறியோவில் டீலர்களைக் கண்காணிக்கிற ஒம்விக் அமைப்பின் விதிப்படி, விளம்பரம் செய்த விலைக்குள் டீலர் அறவிடப்போகிற எல்லாக் கட்டணமும் அடங்கியிருக்க வேணும். எச்.எஸ்.ரியும் லைசென்ஸ் கட்டணமும்தான் வெளியே நிற்கலாம். விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைத்திருங்கோ. விற்கிறவர் எங்கட ஊர் ஆளாக இருந்தாலும் இதையெல்லாம் கேக்கலாம். அவர் கோவிக்கமாட்டார், அவருக்கு இது தெரிஞ்ச விளையாட்டு.

கிலோமீட்டரில் ரெக்ஸ்டேல் ஆக்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேணும். எங்கட கலியாண மண்டபம், சாமான் கடை, சொந்தக்காரர் எல்லாம் ஸ்காபரோ பக்கம். அல்பியன் வீதியில் இருந்து 401 எடுத்து மார்க்கம் வீதிக்குப் போய்வர 70 கிலோமீட்டர் என்று வையுங்கோ. கிழமைக்கு ஒருக்கா என்றாலே ஆண்டுக்கு 3,640. டவுன்டவுன் கிளையன்ட் ஒஃபிசுக்குக் கிழமையில் மூன்று நாள், போய்வர 50 என்று வைத்தால் 48 கிழமைக்கு 7,200. மொன்றியலுக்கு இரண்டு தரம், 2,200. பள்ளிக்கூடம், நீச்சல், பால் வாங்கிறது என்று நாளுக்கு 15 போட்டால் 5,475. மொத்தம் 18,515. "16,000 கிலோமீட்டர், மாதக் கட்டணம் குறைவு" என்று வருகிற ஒஃபரில் நாலு வருசத்தில 10,000 கிலோமீட்டர் கூட ஓடியிருப்பீங்கள். கிலோமீட்டருக்கு 12 சதம் என்றால் கார் திருப்பிக் கொடுக்கிற அன்று 1,200 டொலர், வரி வேற. தொடக்கத்திலேயே கூடுதல் கிலோமீட்டர் வாங்கினால் வழமையாக இதைவிட மலிவு.

டவுன் காசு பற்றி என்ர கருத்து கொஞ்சம் கடுமையானது: லீஸில் வைக்காதேங்கோ. ஈக்விட்டே அமைப்பின் கனடா திருட்டுப் பட்டியலில் 2022இல் முதலிடம் ஹொண்டா சி.ஆர்.வி, 2023இல் டொயோட்டா ஹைலாண்டர். இரண்டும் எங்கட வீட்டு வாசல்களில நிற்கிற கார். மூன்றாம் மாதம் விடிய எழும்பிப் பார்க்கக் கார் இல்லை என்றால், காப்புறுதிக் காசு முதலில் லீஸ் கொம்பனிக்குத்தான் போகும். நீங்கள் வைத்த 5,000 திரும்பி வரும் என்று நம்பி இருக்க ஏலாது. லீஸ் ஒப்பந்தத்தில் கேப் பாதுகாப்பு இருக்கா என்று பாருங்கோ. காப்புறுதியில் லீஸ் எடுப்பவருக்கான தேய்மான விலக்கு ஓ.பி.சி.எஃப் 43ஏ. அதைப் புரோக்கரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கோ. கார் மொடலை முடிவெடுக்க முதலே உங்கட தபால் குறியீட்டுக்குக் காப்புறுதி விலையும் எடுங்கோ, சில வேளை அதுவே முடிவை மாற்றும்.

சொந்தத் தொழிலாகக் கொன்ட்ராக்ட் செய்கிற ஆக்கள் "லீஸ் எண்டால் டக்ஸில கழிக்கலாம்தானே" என்று கேக்கினம். கழிக்கலாம், ஆனா உச்சவரம்பு உண்டு. 2025இல் தொடங்கிய லீஸுக்கு வரிக்கு முன் மாதம் 1,100 டொலர். அதிலும் தொழிலுக்கு ஓடின பங்குதான், லொக்புக் எழுத வேணும். ஸ்காபரோக் கலியாணம் அதில வராது.

எங்களை மாதிரிக் கொன்ட்ராக்டர்களுக்கு இதில வட்டியைவிடப் பெரிய விசயம் காலம். கையில ஆறு மாதக் கொன்ட்ராக்ட், போடுறது 48 மாதக் கையெழுத்து. கொன்ட்ராக்ட் நீடிக்காவிட்டாலும் லீஸ் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த 5,000 வங்கியிலேயே இருந்தால் முதல் ஒஃபரில் வரியோட ஆறு மாதக் கட்டணம், கிட்டத்தட்ட அடுத்த கொன்ட்ராக்ட் தேடுகிற காலம். டவுன் வேண்டாம் என்று நான் சொல்லுறதுக்குத் திருட்டைவிட இதுதான் பெரிய காரணம். 60 மாத லீஸையும் நான் தொடமாட்டேன். கட்டணம் கொஞ்சம் இறங்கும், ஆனா கடைசிக் காலத்தில பல கார்களுக்கு அடிப்படை வொரன்ரி முடிஞ்சு போயிருக்கும்.

வேலை போனால் லீஸை இன்னொருத்தருக்கு மாற்றலாம், அதுக்கென்றே லீஸ்பஸ்டர்ஸ் மாதிரித் தளங்கள் இருக்கு. டவுன் வைக்காத, மாதக் கட்டணம் நியாயமான லீஸைத்தான் மற்றவர் எடுப்பார் என்று நினைக்காதேங்கோ. அவர் பார்க்கிறது மாதக் கட்டணத்தை மட்டும்தான், ஆகவே எடுக்கிற ஆளுக்கு நீங்கள் கொஞ்சம் காசு கொடுக்க வேண்டியும் வரலாம். லீஸ் கொம்பனியின் அனுமதியும் வேணும். சில ஒப்பந்தங்களில் மாற்றின பிறகும் முதல் ஆளின் பெயர் பொறுப்பில் இருக்கும், புது ஆள் கட்டாவிட்டால் உங்களைத் தேடி வருவினம். "மாற்றினால் என்ர பெயர் முழுசா வெளியே போகுமா, கட்டணம் எவ்வளவு?" என்று கையெழுத்துக்கு முதல் கேட்டு, பதிலை எழுத்தில வாங்குங்கோ. டீலரிடம் போட்ட கார் ஒப்பந்தத்துக்கு ஒன்ராறியோவில் மனம் மாறித் திருப்புகிற கால அவகாசம் இல்லை.