ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை வீட்டில் மீட்டெடுத்தல்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் தயாரித்த சிறிய கார். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு காரின் இந்திய வடிவம் இது. ஓடாமல் நின்றுபோன இத்தகைய காரை, அதன் பழைய அமைப்பு கெடாமல் மறுபடியும் சாலையில் ஓடும் நிலைக்குக் கொண்டுவருவதையே இக்கட்டுரை மீட்டெடுத்தல் என்று குறிக்கிறது. புதுக்காராக்குவது வேறு, மீட்டெடுப்பது வேறு. இந்த வேறுபாட்டுக்கு இப்போது சட்டத்திலும் இடம் உண்டு.

ஹெரால்டு குடும்பக் கார்தான். ஸ்போர்ட்ஸ் கார் அன்று. ஆனால் தமிழ்நாட்டில் சாதாரண வருமானமுள்ள ஒருவர் வீட்டுக் கொட்டகையில் வைத்து வேலை செய்யக்கூடிய, ஸ்போர்ட்ஸ் காரின் இரத்த உறவுள்ள வண்டி என்றால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

பின்னணி

டிரையம்ப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஜியோவானி மிக்கெலோட்டி. அக்காலத்தில் பெரும்பாலான சிறிய கார்கள் சேசிஸ் எனப்படும் அடிச்சட்டம் இல்லாமல், உடலே சட்டமாக அமையும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் பழைய முறைக்குத் திரும்பியதற்கு ஒரு வணிகக் காரணம் உண்டு. அந்நிறுவனத்துக்குக் கார் உடல் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை, போட்டி நிறுவனமான பி.எம்.சி. 1953-இல் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஓரிடத்தில் செய்ய வழியில்லாமல், பகுதி பகுதியாகப் பல இடங்களில் செய்து, தனிச் சேசிஸ் மேல் வைத்துப் போல்ட்டால் இறுக்கும்படி வடிவமைத்தார்கள். அன்றைய நெருக்கடி இன்று நமக்கு உதவியாகிறது. பெரிய பட்டறைக் கருவிகள் இல்லாமலே ஹெரால்டைக் கழற்ற முடிகிறது.

1962-இல் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் இந்த ஹெரால்டின் அடித்தளத்தில் பிறந்தது. ஹெரால்டில் முன்பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளம் 91.5 அங்குலம், ஸ்பிட்ஃபயரில் 83 அங்குலம். முன் சஸ்பென்ஷன், ரேக் அண்டு பினியன் ஸ்டீயரிங், பின்புறம் குறுக்காக அமைந்த வில் பட்டை, எஞ்சினின் அடிப்படை வடிவம் எல்லாம் ஒரே வம்சம். ஆகவே ஸ்பிட்ஃபயருக்காக இன்றும் வெளிநாட்டில் செய்யப்படும் உதிரிபாகங்களில் பல ஹெரால்டுக்கும் பொருந்தும்.

இந்திய ஹெரால்டின் எஞ்சின் 948 சிசி. முதலில் இரண்டு கதவு, பிறகு மார்க் 3 என்ற நான்கு கதவு வடிவம், 1970-களின் தொடக்கத்தில் கெசல். கெசலில் பின் அச்சு வேறு வகை என்பதால், உதிரிபாகம் வாங்கும்போது எந்த வடிவம் என்று தெரிந்து கேட்க வேண்டும். 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 வெற்றி பெறவில்லை. 1980-களின் இறுதியில் நிறுவனத்தின் கார் உற்பத்தியே நின்றது. அதன் பின் எத்தனையோ ஹெரால்டுகள் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போயின.

முதலில் பார்க்க வேண்டியது

பெயிண்டு, சீட்டு, குரோமியப் பளபளப்பு ஆகியவற்றைப் பார்த்து விலை பேசுவோர் பலர். பார்க்க வேண்டியது அடியில். காரைப் பாதுகாப்பாக உயர்த்தி, சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களையும், அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளையும், பின் டிஃபரென்ஷியல் பொருந்தும் இடத்தையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருப்பிடித்தது மந்தமாக ஒலிக்கும், ஸ்குரூ டிரைவர் நுனி உள்ளே போகும். பக்கக் கைகள் போயிருந்தால் மாற்றலாம். நீளச் சட்டம் போயிருந்தால் அந்தக் காரை உதிரிபாகத்துக்கு மட்டும் வாங்குவதே நல்லது. கடற்கரைக் காற்றில் நின்ற வண்டியைவிட நம் நாமக்கல், சேலம் பக்கத்து வறண்ட காற்றில் நின்ற வண்டிக்குச் சேசிஸ் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் மண் தரையில் பல ஆண்டுகள் நின்றிருந்தால் அடிப்பகுதியை நம்ப வேண்டாம். பேட்டரித் தட்டு, கதவுகளின் அடி, கால் வைக்கும் தரை ஆகியவை அடுத்து பார்க்க வேண்டிய இடங்கள்.

எஞ்சின் சுற்றும் நிலையில் இருந்தால் ஒரு எளிய சோதனை உண்டு. ஒருவர் கிளட்சை மிதித்து மிதித்து விட, இன்னொருவர் முன்புறக் கிராங்க் புல்லியைக் கவனிக்க வேண்டும். புல்லி முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்தால், கிராங்கின் திரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. இருக்க வேண்டிய இடைவெளி சுமார் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான். அந்த வாஷர் நழுவி விழுந்த பிறகும் ஓட்டினால் எஞ்சின் பிளாக்கே பாழாகும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சான்றிலுள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். உரியவர் இறந்து வாரிசுகள் பெயர் மாற்றாமல் விட்ட வண்டிகள் கிராமங்களில் நிறைய. இரும்புக்குத் தீர்வு உண்டு. காகிதம் இல்லாத வண்டிக்குத் தீர்வு கடினம்.

பிரித்தல்

மஞ்சள் மூட்டை அடுக்கும் கொட்டகை போல, மேலே கூரையும் கீழே சிமெண்டுத் தளமும் உள்ள இடம் போதும். காரின் இடத்தைப் போல மூன்று பங்கு இடம் வேண்டும். கழற்றிய பாகங்கள் அவ்வளவு இடம் பிடிக்கும்.

ஒரு நீள நோட்டு வாங்கி, கழற்றும் வரிசையை எண்ணிட்டு எழுத வேண்டும். கைபேசியில் படம் எடுப்பது நல்லதுதான், ஆனால் எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் படம் சொல்லாது. ஒவ்வொரு தொகுதியின் நட்டு போல்ட்டுகளையும் தனித்தனிப் பையில் இட்டு, நோட்டில் உள்ள எண்ணைப் பையிலும் எழுதிவிட்டால், ஓராண்டு கழித்துப் பூட்டும்போதும் குழப்பம் வராது.

ஹெரால்டின் நட்டுகள் அங்குல அளவு. நம் பட்டறைகளில் புழங்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்துவது போலத் தெரியும், ஆனால் பொருந்தாது. அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர், அதில் 13 ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் மூலை மழுங்கும். 7/16, 1/2, 9/16 அங்குல ஸ்பேனர்கள் மூன்றை முதலில் வாங்கிவிட்டால் பெரும்பகுதி வேலை முடியும்.

அந்நாளைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே வண்டி உடலோடு இணைந்திருக்கும். கழற்றும் முன் எந்த முனை எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

கவனம் மிகவும் தேவைப்படும் இடம் உடலைச் சேசிஸிலிருந்து தூக்குவது. உடலின் முன்பாதியும் பின்பாதியும் கதவுக்குக் கீழே சேர்கின்றன. கதவு வாசலில் குறுக்குக் கம்பி வைத்துத் தற்காலிகமாகப் பற்றவைக்காமல் தூக்கினால் உடல் சற்றே வளையும். திரும்ப வைக்கும்போது கதவு மூடாது. சேசிஸுக்கும் உடலுக்கும் இடையில் இருக்கும் மெல்லிய தகடுகளையும் இடம் குறித்து எடுத்து வைக்க வேண்டும். கதவின் இடைவெளியைச் சரிசெய்பவை அவைதான்.

டிங்கரிங்கும் பெயிண்டும்

நாமக்கல் வட்டாரம் லாரிக்கு உடல் கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்றது. திறமையான டிங்கர்கள் இங்கே கிடைப்பது பெரும் வசதி. ஆனால் லாரிக்குப் பழகிய கை கனத்த தகட்டையே நாடும். சுமை தாங்க வேண்டிய வண்டிக்கு அது சரி. ஹெரால்டின் மெல்லிய தகட்டின் மேல் கனத்த ஒட்டுப் போட்டால், ஒட்டைச் சுற்றியுள்ள பழைய தகடு வெடிக்கும், அங்கேயே துருவும் பிடிக்கும். ஆர்க் வெல்டிங் மெல்லிய தகட்டில் ஓட்டை போட்டுவிடும். மிக் வெல்டிங் வைத்திருப்பவரிடம், ஒரே இழுப்பாக இல்லாமல் புள்ளி புள்ளியாக வைத்து ஆறவிட்டுச் செய்யச் சொல்ல வேண்டும். துருவை வெட்டி எடுக்காமல் மேலே பட்டி அப்பினால் ஒரு மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான்.

பெயிண்டுக்குக் காலம் பார்க்க வேண்டும். ஆடிக்காற்றில் அடித்தால் புழுதி ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பழைய வகை லாக்கர் பெயிண்டு பால் பூத்தாற்போல் வெளுக்கும். தை, மாசி நம் பகுதிக்கு ஏற்றது. கடினப்படுத்தி கலக்கும் இருகூறு பெயிண்டின் ஆவி நுரையீரலுக்குத் தீங்கானது. மூக்கில் கைக்குட்டை கட்டி அடிப்பது போதாது. அதை அதற்கான பெயிண்டு அறையுள்ள இடத்தில் கொடுத்து அடிப்பதே முறை.

எஞ்சினும் பெட்ரோலும்

நெடுநாள் நின்ற எஞ்சினைச் செல்ஃப் கொடுத்தோ வண்டியைத் தள்ளியோ சுற்றக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, பிறகு கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். ரீபோர், கிராங்க் கிரைண்டிங் போன்றவை லேத் பட்டறை வேலை. வீட்டில் முயல வேண்டியவை அல்ல.

பெட்ரோல் மாறிவிட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 2000-ஆம் ஆண்டோடு இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அந்த ஈயம் பழைய எஞ்சின்களின் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைக்குப் பாதுகாப்பாக இருந்தது. ஹெட்டைக் கழற்றும்போதே கடின இருக்கை பொருத்திவிடலாம். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. அது பழைய ரப்பரை உப்பவும் இளகவும் செய்யும். எரிபொருள் பம்பின் டயாஃபிரமையும் ரப்பர் குழாய்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்ற வேண்டும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் கசிந்தால் உழைத்த உழைப்பெல்லாம் சில நிமிடங்களில் சாம்பலாகும்.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு இடங்கள்

முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த எஃகுத் தண்டு, கீழே டிரன்னியன் என்ற வெண்கலப் பாகத்துள் மரைபோட்டுச் சுழல்கிறது. இதற்குக் கிரீஸ் போதாது, கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும். பார்ப்பதற்குக் கிரீஸ் நிப்பிள் போலவே இருப்பதால் சர்வீஸ் நிலையங்களில் மற்றவற்றோடு சேர்த்துக் கிரீஸ் அடித்துவிடுவார்கள். உள்ளே ஈரம் புகுந்து தண்டு துருப்பிடித்து ஒருநாள் ஒடியும். சக்கரம் மடங்கி வண்டி குப்புற உட்காரும். மீட்டெடுக்கும் எந்த ஹெரால்டிலும் இதைக் கழற்றிப் பாராமல் சாலையில் இறக்கக் கூடாது.

அடுத்தது பிரேக். ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் ஒரே இணைப்பு. ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போகும். இரும்புக் குழாய், ரப்பர் குழாய், சிலிண்டர் ரப்பர்கள் அனைத்தையும் புதிதாக்க வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருந்திருக்கும் என்பதால் அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

ஓட்டும்போதும் ஒன்று. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அமைப்பு. வளைவில் வேகமாகப் போய்த் திடீரென ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடிந்து வண்டி சுழலக்கூடும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துக்கொள்ள வேண்டும்.

எது அசல்?

பழைய வாகன அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் டூரின் சாசனத்தை ஏற்றது. கோயில், கோட்டை போன்ற தொல்சின்னங்களுக்குரிய பாதுகாப்பு நெறிகளை வாகனங்களுக்கும் பொருத்திப் பார்ப்பது அது. வேண்டிய அளவுக்கு மேல் மாற்றக் கூடாது, செய்ததைப் பதிவு செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். நான் குறிப்பிட்ட நோட்டுக்கு இங்கும் வேலை இருக்கிறது.

கூரை போல்ட்டால் பொருத்தப்பட்டது என்பதால் இரண்டு கதவு ஹெரால்டின் கூரையைக் கழற்றித் திறந்த ஸ்போர்ட்ஸ் காராக்கும் ஆசை பலருக்கு வரும். வேறு வண்டியின் எஞ்சினைப் பொருத்துவோரும் உண்டு. செய்யும் முன் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு சேர்க்கப்பட்டது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர வாகனங்களும் கார்களும் இதற்குத் தகுதி பெறும். ஆனால் அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் தகுதி போய்விடும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டியின் எண்ணில் மாநில எழுத்துக்குப் பின் VA என்பதற்குரிய இரண்டெழுத்து வரும்.

இப்படிப் பதிவு செய்த காரை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய வாகன அணிவகுப்பு, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்பல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். வாரச்சந்தைக்கும் கல்யாணத்துக்கும் ஓட்டிப் போக விரும்புவோர், தகுதிச் சோதனையோடு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வழக்கமான பதிவிலேயே தொடர்வது நல்லது. வின்டேஜ் பதிவுள்ள காரை விற்றால், 90 நாட்களுக்குள் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.