பொலிசியோத்தெஸ்கி: 1970களின் இத்தாலியக் குற்றத் திரைப்படங்கள்

பொலிசியோத்தெஸ்கி என்பது 1970களில் இத்தாலியில் பெருமளவில் தயாரிக்கப்பட்ட காவல்துறை, குற்றத் திரைப்பட வகையைக் குறிக்கும் சொல் ஆகும். வங்கிக் கொள்ளை, ஆள்கடத்தல், போதைப்பொருள் வணிகம், மாஃபியா மோதல் ஆகியவை இப்படங்களின் முக்கியக் கதைப்பொருள்கள். மிலான், ரோம், ஜெனோவா, டுரின், நேப்பிள்ஸ் போன்ற நகரங்களின் உண்மையான தெருக்களில் இவை படமாக்கப்பட்டன. குறைந்த செலவில் விரைவாக எடுக்கப்பட்ட வணிகப் படங்கள் என்பதால் அக்கால விமர்சகர்கள் இவற்றைப் பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் குண்டுவெடிப்புகளும் அரசியல் கொலைகளும் தொடர்ந்த ஒரு காலத்தில், 'குற்றவாளிக்குப் பின்னால் இருப்பவர் யார்?' என்று இத்தாலியப் பொதுமக்களிடம் இருந்த ஐயத்தை இப்படங்கள் வெளிப்படையாகப் பேசின.

பெயர்

இத்தாலிய மொழியில் 'பொலிசியோத்தோ' என்றால் காவலர். அத்துடன் 'போன்ற', 'பாணியிலான' என்னும் பொருள் தரும் 'எஸ்கோ' விகுதி சேர்ந்து 'பொலிசியோத்தெஸ்கோ' என்ற சொல் உருவானது. இதன் பன்மை வடிவமே பொலிசியோத்தெஸ்கி. துப்பறியும் படைப்புகளைக் குறிக்க 'பொலிசியெஸ்கோ' என்ற சொல் ஏற்கனவே வழக்கில் இருந்தது. புதிய சொல்லை விமர்சகர்கள் முதலில் ஏளனமாகவே பயன்படுத்தினர். பின்னாளில் இரசிகர்கள் அதையே இவ்வகையின் இயல்பான பெயராக ஏற்றுக்கொண்டனர்.

இவ்வகையை 'ஜல்லோ' எனப்படும் மர்மப் படங்களிலிருந்து வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். ஜல்லோ படத்தில் கொலையாளி யார் என்பது கடைசிவரை மறைக்கப்படும். பொலிசியோத்தெஸ்கியில் குற்றவாளியின் முகம் பெரும்பாலும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். அவனை ஏன் தண்டிக்க முடியவில்லை என்பதே கதை.

அரசியல் பின்னணி

1960களின் இறுதி முதல் 1980களின் தொடக்கம் வரையிலான காலத்தை இத்தாலியர்கள் 'ஈய ஆண்டுகள்' என்று அழைக்கின்றனர். ஈயம் என்பது இங்கே துப்பாக்கிக் குண்டைக் குறிக்கிறது. 1969 டிசம்பர் 12 அன்று மிலானின் பியாட்சா ஃபொந்தானா சதுக்கத்தில் இருந்த வங்கியில் குண்டு வெடித்து 17 பேர் இறந்தனர். காவல்துறை முதலில் அரசின்மைவாதிகளைப் பிடித்தது. அவர்களுள் ஒருவரான தொடருந்துத் தொழிலாளி ஜுசெப்பே பினெல்லி, விசாரணையின்போது காவல் தலைமையகத்தின் மாடிச் சாளரத்திலிருந்து விழுந்து இறந்தார். பின்னர் விசாரணை நவபாசிசக் குழுக்களை நோக்கித் திரும்பியது. இது தொடர்பான வழக்குகள் 2005 வரை நீடித்தன.

1970 டிசம்பரில் முன்னாள் பாசிசத் தளபதி ஜூனியோ வலேரியோ போர்கேசே ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயன்று, கடைசி நேரத்தில் கைவிட்டார். 1972 மே மாதம் காவல் அதிகாரி லூயிஜி கலாப்ரேசி மிலானில் தம் வீட்டுக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டார். 1973இல் அமெரிக்க எண்ணெய்ச் செல்வந்தரின் பேரன், 16 வயது ஜான் பால் கெட்டி, ரோமில் கடத்தப்பட்டார். கடத்தல்காரர்கள் அவரது காதை அறுத்துச் செய்தித்தாளுக்கு அனுப்பினர். நாளிதழில் படித்த செய்தியைச் சில மாதங்களில் திரையில் காணும் நிலை இருந்ததற்கு இத்தகைய நிகழ்வுகளே காரணம்.

முன்னோடிகள்

பிரான்செஸ்கோ ரோசியின் 'சால்வத்தோரே ஜூலியானோ' (1962), ஒரு சிசிலியக் கொள்ளையனின் சாவை அரசியல் விசாரணையாக்கிக் காட்டியது. கார்லோ லிட்சானியின் 'மிலானில் கொள்ளையர்' (1968), 1967 செப்டம்பரில் கவல்லேரோ கும்பல் மிலான் வங்கி ஒன்றைக் கொள்ளையடித்து, நகரெங்கும் சுட்டுக்கொண்டே தப்பியோடிய உண்மை நிகழ்வை அடுத்த ஆண்டே படமாக்கியது. கும்பல் தலைவனாக ஜான் மரியா வொலோந்தே நடித்தார். பின்னாளில் குற்றவாளி வேடங்களால் புகழ்பெற்ற தோமஸ் மிலியான் இதில் காவல் அதிகாரியாக நடித்தார்.

எலியோ பெத்ரியின் 'ஐயத்திற்கு அப்பாற்பட்ட குடிமகன் மீதான விசாரணை' (1970) இவ்வகைக்கு மிக முக்கியமான முன்மாதிரி. பதவி உயர்வு பெறும் நாளில் ஓர் உயர் காவல் அதிகாரி தன் காதலியைக் கொல்கிறார். தனக்கு எதிரான தடயங்களை வேண்டுமென்றே விட்டுச்செல்கிறார். தன்னைக் கைது செய்யும் துணிவு எவருக்காவது உண்டா என்று சோதிப்பதே அவர் நோக்கம். சிறந்த வெளிநாட்டு மொழித் திரைப்படத்துக்கான ஆஸ்கார் விருதை இப்படம் பெற்றது.

வகையின் தொடக்கம்

1972இல் வெளியான 'காவல்துறை நன்றி கூறுகிறது' (லா பொலிசியா ரின்கிராசியா) என்ற படத்திலிருந்து இவ்வகை தொடங்கியதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. நகைச்சுவைப் படங்களைச் 'ஸ்தேனோ' என்ற புனைபெயரில் இயக்கிவந்தவர், இப்படத்தில் ஸ்தெஃபானோ வன்சினா என்ற தம் சொந்தப் பெயரைப் போட்டார். சட்டத்தின் பிடியிலிருந்து நழுவும் குற்றவாளிகளை ஓர் இரகசியக் குழு கொன்றுவருகிறது. ஆணையர் பெர்தோனே புலனாய்ந்து பார்க்கையில், அதன் தலைவர் ஓய்வுபெற்ற காவல்துறை உயரதிகாரி என்று தெரிகிறது. குற்ற ஒழிப்பு என்ற பெயரில் நடப்பது ஆட்சியைக் கைப்பற்றும் முயற்சி. உண்மையைக் கண்டறிந்த பெர்தோனே இறுதியில் கொல்லப்படுகிறார்.

இதே காலத்தில் 'டர்ட்டி ஹாரி', 'தி பிரெஞ்ச் கனெக்ஷன்' (இரண்டும் 1971) ஆகிய அமெரிக்கப் படங்களும் இத்தாலியில் வரவேற்பைப் பெற்றன. வசூல் குறைந்துவந்த கௌபாய் படங்களை விட்டு, தயாரிப்பாளர்கள் இப்பக்கம் திரும்பினர். இத்தாலியத் திரைத்துறையில் இப்படிப்பட்ட போக்கை 'பிலோனே' என்பார்கள். சுரங்கத்தில் ஓடும் கனிமப் படிவு என்பது அதன் நேர்ப்பொருள். தீரும்வரை தோண்டுவதே வழக்கம்.

கதையமைப்பும் தலைப்புகளும்

வழக்கமான கதையின் மையத்தில் ஒரு காவல் ஆணையர் இருப்பார். குற்றவாளியை அவர் பிடிப்பார். போதிய சான்றில்லை என்று நீதிபதி விடுவிப்பார். மேலதிகாரி அவரைக் கண்டிப்பார், இடமாற்றம் செய்வார். ஒரு கட்டத்தில் ஆணையர் விதிகளை மீறித் தாமே தண்டனை வழங்குவார். இந்தக் கோபம் படத் தலைப்புகளிலேயே தெரியும்: 'காவல்துறை குற்றம் சாட்டுகிறது, சட்டம் விடுவிக்கிறது' (1973), 'மிலான் வெறுக்கிறது: காவல்துறை சுட முடியாது' (1974), 'காவல்துறை குற்றம் சாட்டுகிறது: உளவுத்துறை கொல்கிறது' (1975).

இம்மூன்று தலைப்புகளையும் வரிசையாகப் பார்த்தால் இவ்வகைக்குள் இருந்த இரு போக்குகள் புரியும். முதல் இரண்டும் சட்டம் மென்மையாக இருக்கிறது என்று குறைகூறுகின்றன. மூன்றாவது, செர்ஜியோ மார்த்தினோ இயக்கியது, போர்கேசே முயற்சியை நினைவூட்டும் ஆட்சிக் கவிழ்ப்புச் சதியைக் கதையாக்கி அரசையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது.

முக்கிய இயக்குநர்கள்

பெர்னான்தோ டி லியோ: இவ்வகையின் சிறந்த இயக்குநராகப் பலராலும் மதிக்கப்படுபவர். 'மிலானோ காலிப்ரோ 9', 'லா மாலா ஓர்தினா' (இரண்டும் 1972), 'இல் பாஸ்' (1973) ஆகிய மூன்றும் அவரது குற்ற உலக முப்படத் தொகுதி. கீவ் நகரில் பிறந்து மிலானில் வாழ்ந்த எழுத்தாளர் ஜோர்ஜோ செர்பனென்கோவின் சிறுகதைத் தொகுப்பிலிருந்து முதல் படத்தின் தலைப்பு எடுக்கப்பட்டது. சிறையிலிருந்து வெளிவரும் ஊகோ பியாட்சா, கும்பல் தலைவனின் 3 இலட்சம் டாலரைத் திருடியவன் என்று எல்லாராலும் துரத்தப்படுகிறான். இடையே வலதுசாரி ஆணையரும் இடதுசாரித் துணை அதிகாரியும் வாதிட்டுக்கொள்கின்றனர். வறுமையே குற்றத்தை வளர்க்கிறது என்றும், செல்வர்களின் குற்றங்களைக் காவல்துறை பார்ப்பதில்லை என்றும் துணை அதிகாரி கூறுகிறார். சண்டைப் படம் ஒன்றில் இத்தகைய உரையாடல் இடம்பெற்றது அக்காலத்தின் அடையாளம். 'இல் பாஸ்' படத்தில் காவல் அதிகாரியே மாஃபியாவிடம் பணம் வாங்குபவர்.

என்சோ ஜி. காஸ்டெல்லாரி: துரத்தல் காட்சிகளில் வல்லவர். ஜெனோவாவின் போதைப்பொருள் வணிகத்தை எதிர்க்கும் ஆணையராக பிராங்கோ நீரோ நடித்த 'காவல்துறை குற்றம் சாட்டுகிறது, சட்டம் விடுவிக்கிறது' இவருடையது. 'குடிமகன் கிளர்ந்தெழுகிறான்' (1974) படத்தில் கொள்ளையரால் தாக்கப்பட்ட ஒரு பொறியாளர், காவல்துறை கைவிட்டதால் தாமே களமிறங்குகிறார்.

உம்பெர்த்தோ லென்சி: 'மிலான் வெறுக்கிறது' படத்தில் சிறுதிருடன் ஜூலியோ சாக்கி, செல்வந்தரின் மகளைக் கடத்தி, சாட்சி சொல்லக்கூடிய அனைவரையும் கொல்கிறான். வழக்கு தோற்றபின் ஆணையர் அவனைக் குப்பைமேட்டில் சுட்டுக்கொல்கிறார். 'ஆயுதமேந்திய ரோம்', 'வன்முறை நேப்பிள்ஸ்' (இரண்டும் 1976) ஆகியவையும் இவருடையவை.

நடிகர்கள்

மீசை வைத்த ஆணையராக மௌரிட்சியோ மெர்லி இவ்வகையின் முத்திரை முகமானார். பிராங்கோ நீரோவைப் போன்ற தோற்றம் அவருக்கு வாய்ப்பைத் தேடித்தந்தது. கியூபாவில் பிறந்த தோமஸ் மிலியான் கொடூரக் குற்றவாளியாகவும், ரோம் நகரின் கொச்சை பேசும் குறும்புத் திருடன் 'மொன்னெட்சா'வாகவும், பின்னர் காவலர் நீக்கோ ஜிரால்தியாகவும் நடித்தார். அமெரிக்க நடிகர் ஹென்றி சில்வா காவல் அதிகாரி, கூலிக் கொலையாளி என இரு வகை வேடங்களிலும் தோன்றினார்.

தயாரிப்பு முறை

அக்கால இத்தாலிய வழக்கப்படி, படப்பிடிப்பில் பதிவாகும் ஒலி இறுதிப் படத்தில் பயன்படுத்தப்படவில்லை. நடிகர்கள் தத்தம் மொழியில் பேசி நடித்தனர். பின்னணிக் குரல் கலைஞர்கள் பிறகு குரல் கொடுத்தனர். மிலியானின் புகழ்பெற்ற ரோம் வட்டாரப் பேச்சு உண்மையில் ஃபெருச்சோ அமெந்தோலாவின் குரல். இராபர்ட் டி நீரோ, அல் பசினோ ஆகியோருக்கு இத்தாலிய மொழியில் குரல் கொடுத்தவரும் இவரே. உரையாடலைப் பதிவுசெய்யும் சுமை இல்லாததால், நெரிசலான தெருவில் கையில் ஒளிப்படக்கருவியுடன் எளிதாகப் படமெடுக்க முடிந்தது.

இசைக்கும் இப்படங்கள் பெயர்பெற்றவை. எனியோ மோரிக்கோனே, ஸ்தெல்வியோ சிப்ரியானி, சகோதரர்களான குய்தோ, மௌரிட்சியோ டி ஆஞ்செலிஸ் ஆகியோர் இசையமைத்தனர். 'மிலானோ காலிப்ரோ 9' படத்துக்காக லூயிஸ் பகலோவ், நேப்பிள்ஸைச் சேர்ந்த 'ஒசான்னா' என்ற ராக் இசைக்குழுவுடன் இணைந்து பணியாற்றினார்.

விமர்சனமும் விவாதமும்

விதிகளை மீறும் காவலரை நாயகனாக்குவது பாசிச மனப்பான்மை என்று இடதுசாரி விமர்சகர்கள் சாடினர். இது வெறும் திரை விவாதமாக நிற்கவில்லை. 'காவல்துறை சுட முடியாது' என்ற தலைப்புடன் லென்சியின் படம் வெளிவந்த மறு ஆண்டு, 1975 மே மாதம், காவலர்கள் ஆயுதம் பயன்படுத்தும் உரிமையை விரிவாக்கிய 'ரேயாலே சட்டம்' நிறைவேறியது. அதை நீக்கக் கோரிய பொதுவாக்கெடுப்பு 1978 ஜூனில் பெரும் வித்தியாசத்தில் தோற்றது. திரையரங்கில் கைதட்டியவர்களின் அச்சமும் வாக்காளர்களின் அச்சமும் ஒன்றாகவே இருந்தன.

எனினும் எல்லாப் படங்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. தொடக்கப் படமான 'காவல்துறை நன்றி கூறுகிறது', சட்டத்துக்கு வெளியே தண்டனை வழங்குவோரைத்தான் வில்லன்களாகக் காட்டியது. செர்ஜியோ சொல்லிமாவின் 'ரிவால்வர்' (1973) படத்தில் மனைவி கடத்தப்பட்டதால் ஒரு கைதியைத் தப்பவிடும் சிறை அதிகாரி, பின்னணியில் இருக்கும் அரசியல் சதியை அறிந்தும் இறுதியில் பணிந்துபோகிறார். இங்கே துப்பாக்கியால் எந்தத் தீர்வும் கிடைப்பதில்லை.

வீழ்ச்சி

1978 மார்ச் 16 அன்று முன்னாள் பிரதமர் ஆல்தோ மோரோ 'சிவப்புப் படையணி'யால் கடத்தப்பட்டார். மே 9 அன்று அவரது உடல் ரோமில் ஒரு காரில் கண்டெடுக்கப்பட்டது. 1980 ஆகஸ்ட் 2 அன்று பொலோனியா தொடருந்து நிலையக் குண்டுவெடிப்பில் 85 பேர் இறந்தனர். தனியொரு ஆணையர் நகரைக் காப்பாற்றும் கதை இதற்குப்பின் எடுபடவில்லை.

தொழில்சார் காரணமும் உண்டு. 1976இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தனியார் உள்ளூர் ஒளிபரப்பை அனுமதித்தது. தொலைக்காட்சியில் நாள்தோறும் படங்கள் ஓடின. 1975இல் 50 கோடிக்கு மேல் இருந்த திரையரங்கு நுழைவுச்சீட்டு விற்பனை 1980இல் சுமார் 24 கோடியாகக் குறைந்தது. ஜிரால்தி தொடர் நகைச்சுவையாக மாறி 1984 வரை நீடித்தது. அதே ஆண்டில் டமியானோ டமியானியின் இயக்கத்தில் தொடங்கிய 'லா பியோவ்ரா' தொலைக்காட்சித் தொடர், மாஃபியாவை எதிர்க்கும் காவல் அதிகாரியின் கதையை வீட்டுக்குள் கொண்டுவந்தது.

மரபு

2004 வெனிஸ் திரைப்பட விழாவில் இத்தாலிய வணிகப் படங்களுக்கென ஒரு சிறப்புப் பிரிவு நடந்தது. டி லியோவின் இரசிகரான குவென்டின் டரான்டினோ அதற்கு ஆதரவாளராக இருந்தார். டி லியோ அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

இத்தாலியில் இம்மரபு புதிய வடிவில் தொடர்கிறது. நீதிபதியான ஜான்கார்லோ டி கட்டால்தோ எழுதிய 'ரொமான்சோ கிரிமினாலே' நாவல் 2002இல் வெளிவந்து, 2005இல் மிக்கேலே பிளாசிதோ இயக்கத்தில் படமானது. 1970களில் ரோமை ஆட்டிப்படைத்த மாலியானா கும்பலுக்கும் உளவுத்துறைக்கும் இடையிலான தொடர்பே அதன் கரு. 2008இல் அது தொலைக்காட்சித் தொடரானபோது இயக்கியவர் ஸ்தெஃபானோ சொல்லிமா. 'ரிவால்வர்' படத்தை எடுத்த செர்ஜியோ சொல்லிமாவின் மகன் அவர்.