விளக்கு கண் சிமிட்டினால்...

சமையலறை விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்து ஒரு வாரம் இருக்கும். "பல்பு போகப் போகுது, வேற மாத்து" என்றார் என் கணவர். மாற்றினேன். புது எல்.இ.டி. பல்பும் சிமிட்டியது. கடைக்காரரிடம் சண்டை போட்டு இன்னொன்று வாங்கி வந்தேன். (பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை!)

ஒரு நாள் சாயங்காலம் இட்லிக்கு அரைக்கக் கிரைண்டரைப் போட்டேன். சமையலறை விளக்கு மங்கிப் போயிற்று. அதே நேரம் கூடத்து விளக்கு பளீரென்று எரிந்தது. பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகள், "அம்மா, ஃபேன் பேய் மாதிரி சுத்துது, பாப்பா தொட்டில்ல இருக்கா!" என்று கத்தினாள். கிரைண்டரை நிறுத்தினேன், எல்லாம் பழையபடி ஆயிற்று. இதென்ன வேடிக்கை என்று மறுபடியும் போட்டுப் பார்த்தேனே, அந்த அசட்டுத்தனத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

பக்கத்து வீட்டு மாமா வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதும், "ஏம்மா, உங்க வீடு மூணு பேஸ்தானே? முதல்ல மெயினை ஆஃப் பண்ணு, அப்புறம் பேசு" என்றார்.

அவர் விளக்கியதைச் சொல்கிறேன். மூன்று பேஸுக்கும் பொதுவாக இருப்பது நியூட்ரல் வயர். அது சரியாக இருக்கும்வரை ஒவ்வொரு அறைக்கும் 230 வோல்ட்தான். அது விட்டுப்போனால், இரண்டு பேஸுக்கு நடுவே இருக்கும் 400 வோல்ட்டையும் இரண்டு அறைகள் பங்கு போட்டுக் கொள்ளும். கிரைண்டர் ஓடுகிற பக்கம் இறங்கும், சும்மா இருக்கிற பக்கம் ஏறும். பிரிட்ஜும் டி.வி.யும் புகைந்து போவது இப்படித்தானாம். "ட்ரிப் சுவிட்ச் விழலையே மாமா?" என்றேன். அளவுக்கு மேல் இழுத்தாலோ, மின்சாரம் கசிந்தாலோதான் அது விழும். திருகு தளர்ந்தது அதற்குத் தெரியாது என்றார்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து மெயின் போர்டைத் திறந்தார். நியூட்ரலை முடுக்கியிருந்த திருகு தளர்ந்து, வயரின் மேலுறை உருகிக் கரியாகி இருந்தது! கருகிய நுனியை வெட்டி, புதிதாக முடுக்கினார்.

ஆகையால் சகோதரிகளே, ஒரு விளக்கு மட்டும் சிமிட்டினால் மெயினை அணைத்து, பல்பு ஆறியதும் சரியாக மாட்டிப் பாருங்கள். புது பல்பும் சிமிட்டினால் ஹோல்டரோ சுவிட்சோ காரணமாக இருக்கலாம். சுவிட்ச் சூடானாலும், சடசடத்தாலும், கருகல் வாடை வந்தாலும் தொடாதீர்கள். பிரிட்ஜ் கிளம்பும்போது விளக்கு ஒரு கணம் லேசாக மங்குவதற்குப் பயம் வேண்டாம். வீடு முழுக்கச் சிமிட்டினால் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். அங்கேயும் அப்படியென்றால் மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். ஓர் அறை மங்கி இன்னோர் அறை பிரகாசித்தால் மட்டும் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், உடனே மெயினை அணையுங்கள்.

எங்கள் மெயின் சுவிட்சுக்கு முன்னால் அரிசி மூட்டையும் பழைய பேப்பர்க் கட்டும் இருந்தன. அன்று இருட்டில் அதைத் தாண்டித்தான் கையை நீட்டினேன். இப்போது இரண்டும் மாடிப்படிக்குக் கீழே போய்விட்டன.