சாப்ட்வேருக்கும் உண்டு பைலா!

குடியிருப்போர் சங்கம், வியாபாரிகள் சங்கம் என்றால் அதற்கு ஒரு பைலா இருக்கும். தலைவர் யார், எத்தனை வருஷம், கணக்கு யார் பார்ப்பது என்றெல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். இலவசமாக டவுன்லோட் செய்யும் சாப்ட்வேருக்கு எதற்கு பைலா என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

திருவண்ணாமலையில் நண்பர்கள் 6 பேர் சேர்ந்து, தமிழ்99 கீபோர்டு பழகுவதற்காக ஒரு சின்ன புரோகிராம் எழுதினோம். ஓப்பன் சோர்ஸ் முறையில் வெளியிட்டோம். அதாவது, புரோகிராமின் மூல வரிகளான சோர்ஸ் கோடையும் சேர்த்தே கொடுத்துவிட்டோம். யார் வேண்டுமானாலும் காப்பி எடுக்கலாம், திருத்தலாம். ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அதை வைத்து வகுப்பே நடத்தினார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகுதான் தெரிந்தது, ஒரு பாடத்தின் படத்தில் ஒ, ஓ இரண்டும் இடம் மாறியிருக்கிறது என்று. தமிழ்99 முறையில் எக்ஸ் கீயில் ஓ, சி கீயில் ஒ. நாங்கள் மாற்றிக் காட்டியிருந்தோம். பிள்ளைகள் அதையே பார்த்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். திருத்துவது 5 நிமிட வேலை. ஆனால் டவுன்லோட் செய்யும் இடத்தின் பாஸ்வேர்டு எங்களில் ஒருவரிடம் மட்டுமே இருந்தது. அவர் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். பழைய போன் நம்பரும் இல்லை. லேப்டாப் வாங்க நாலு பேர் கொடுத்த நன்கொடையும் அவர் பெயரில்தான். 5 மாதம் அந்தத் தவறு அப்படியே கிடந்தது.

ஓப்பன் சோர்ஸ்தானே, காப்பி எடுத்து வேறு இடத்தில் போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம். லைசென்ஸ் அனுமதிக்கிறது. ஆனால் மக்கள் தேடி வருவது பழைய பெயரை, பழைய முகவரியை. லைசென்ஸ் கோடைத்தான் பொதுவாக்குகிறது. பெயர், பாஸ்வேர்டு, பணம் மூன்றும் யாரிடம் இருக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை.

உங்கள் கம்ப்யூட்டரில் லிப்ரே ஆபீஸ் இருந்தால் அதற்குப் பின்னாலும் இதே கதைதான். அதன் மூதாதை ஓப்பன் ஆபீஸ். அதை நடத்திய சன் நிறுவனத்தை 2010 ஜனவரியில் ஆரக்கிள் வாங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் அதில் உழைத்தவர்களில் பலர் தனியே வந்து டாக்குமெண்ட் பவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்தார்கள். கோடை எடுத்துவர முடிந்தது, பெயரை எடுத்துவர முடியவில்லை. அதனால்தான் புதுப்பெயர். 2012ல் ஜெர்மனியில் முறைப்படி பதிவு செய்தார்கள். அதன் விதிகளில் எனக்குப் பிடித்தது, எந்த ஒரு கம்பெனியின் ஆட்களும் நிர்வாகக் குழுவில் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது. சூடு கண்ட பூனை அல்லவா!

எங்களுக்கு வழி காட்டியது டெபியன். நான் பிளஸ் 2 படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய அந்த பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். டெபியனை 1993ல் தொடங்கியவர் இயான் மர்டாக். அவருக்குப் பின் தலைமை ஏற்ற ப்ரூஸ் பெரன்ஸ் அவரே கைகாட்டியவர். ஆள் பெருகப் பெருக இது சரிப்படவில்லை. 1998ல் தலைவராக இருந்த இயான் ஜாக்சன் முன்னின்று ஒரு சட்டம் எழுத, அந்த டிசம்பரில் அது அமலுக்கு வந்தது. அதற்குப் பெயரே கான்ஸ்டிடியூஷன், அரசியல் சட்டம்!

அதன்படி தலைவர் பதவி ஒரே ஒரு வருஷம். ஓட்டு போடும்போது ஒருவரை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. முதல் விருப்பம், இரண்டாவது விருப்பம் என்று வரிசைப்படுத்த வேண்டும். இவர்களில் யாரும் வேண்டாம் என்பதும் அந்த வரிசையில் உண்டு. நம் ஊர் நோட்டா மாதிரி வெறும் கணக்குக்கு அல்ல. அது ஜெயித்தால் தேர்தலை மறுபடி நடத்தியே ஆக வேண்டும். சட்டத்தைத் திருத்த 3க்கு 1 என்ற பெரும்பான்மை தேவை. பணத்தையும் சொத்தையும் தலைவர் கையில் வைப்பதில்லை. தனி அமைப்புகள் வைத்துக்கொள்கின்றன.

எல்லாவற்றையும் விட என்னைக் கவர்ந்தது ஆரம்பத்திலேயே வரும் ஒரு விதி. இந்தச் சட்டம் யாரையும் வேலை செய்யும்படி கட்டாயப்படுத்தாது. ஆனால் முறைப்படி எடுத்த முடிவுக்கு எதிராக யாரும் வேலை செய்யக் கூடாது. சம்பளமில்லாமல் உழைக்கும் கூட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? டெபியன் போட்டிருப்பவர்கள் டாக்-டெபியன் என்ற பேக்கேஜை இன்ஸ்டால் செய்து பாருங்கள். முழுச் சட்டமும் உங்கள் ஹார்டு டிஸ்க்கிலேயே ஒரு பைலாக இருக்கும்.

ஒரு ஞாயிறு மாலை, செங்கம் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து நாங்களும் எழுதினோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன்படி பதிவு செய்ய வேண்டுமானால் குறைந்தது 7 பேர் வேண்டும். வெளியூர் நண்பரைச் சேர்க்காமல் நாங்கள் 5 பேர். கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவரையும், எனக்கு டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்த சாரையும் சேர்த்துக்கொண்டோம்.

சார் முதல் வரைவைப் படித்துவிட்டு, "தலைவரைப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க தம்பி, கணக்கைப் பத்தி ஒரு வரி இல்லையே" என்றார். பிறகு உத்திரமேரூர் கல்வெட்டைச் சொன்னார். சுமார் 1100 ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவர் உறவினரும் குடவோலையில் நிற்க முடியாது. முந்தைய 3 ஆண்டுகளுக்குள் பதவியில் இருந்தவரும் நிற்க முடியாது. நிலம் இல்லாதவர்களையும் அது சேர்க்கவில்லை என்று நான் சொன்னேன். "அதை விட்டுடு, கணக்கை மட்டும் எடுத்துக்கோ" என்றார்.

கடைசியில் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. பாஸ்வேர்டு எப்போதும் 2 பேரிடம் இருக்கும். 3 மாதம் தொடர்பில் இல்லாதவரின் பொறுப்பு தானாகவே அடுத்தவருக்குப் போகும். நன்கொடைக் கணக்கை எழுதுபவரும் சரிபார்ப்பவரும் வேறு வேறு ஆட்கள். 4 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும்.

கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வந்த நண்பர் விஷயத்தைக் கேட்டு நொந்துபோனார். "ஒருத்தராவது வீட்டுக்கு வந்து எங்கம்மாகிட்ட நம்பர் கேட்டிருக்கலாமேடா" என்றார். நியாயம்தான். அன்றே பாஸ்வேர்டையும் பணத்தையும் ஒப்படைத்தார். ஒ, ஓ இரண்டும் அதனதன் இடத்துக்குப் போயின.

புது பைலாவின்படி கூட்டிய முதல் கூட்டம் நடக்கவில்லை. அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் செங்கம் ரோட்டைத் தாண்ட முடியாமல் சார் உட்பட 4 பேர் அந்தப் பக்கம் நின்றுவிட்டார்கள். டீக்கடையில் 3 பேர்தான். அடுத்த ஞாயிறு கூடியதும் முதல் திருத்தம் ஏகமனதாக நிறைவேறியது: பௌர்ணமியில் கூட்டம் கிடையாது.