பெரியவர் ஓட்டும் பழைய கார்: எந்த இன்சூரன்ஸ் போதும்?

தியாகராய நகரில் நம் குடும்பங்கள் பலவற்றில் இப்படியொரு கார் இருக்கும். வாங்கிப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். ஓட்டுபவர் அறுபதைத் தாண்டிய அத்தா. ஜும்ஆவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வர, பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவர என்று மாதத்துக்கு இருநூறு கிலோமீட்டர் ஓடினால் அதிகம். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் நாள் வந்ததும், "இந்தப் பழைய வண்டிக்கு எதற்கு ஃபுல் இன்சூரன்ஸ்? தேர்டு பார்ட்டி போதும்" என்று முடிவு செய்துவிடுகிறோம். காரின் விலையை மட்டும் பார்த்துப் போடும் கணக்கு இது. காரில் யார் உட்காருகிறார்கள், யார் ஓட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தேர்டு பார்ட்டி பாலிசி எதுவரை?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவுப்படி இந்தக் காப்பீடு கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. இதன் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணப்படி, 1000 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். வரி தனி. ஓட்டுபவரின் வயதைப் பார்த்து இது கூடுவதில்லை. 25 வயதுக்காரருக்கும் 75 வயதுக்காரருக்கும் ஒரே தொகைதான்.

நம் கார் மோதி வெளியாள் ஒருவர் இறந்தாலோ காயமடைந்தாலோ, நீதிமன்றம் விதிக்கும் இழப்பீட்டை இந்தப் பாலிசி தரும். அதற்கு உச்சவரம்பு இல்லை. பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை தரும். நம் காரின் சேதத்துக்கு ஒன்றும் தராது. இதுவரை பலருக்கும் தெரியும்.

பலருக்குத் தெரியாத விஷயம், நம் காருக்குள் உட்கார்ந்து வருபவரும் இதில் அடங்கமாட்டார் என்பது. சொந்தக் காரில் பயணம் செய்பவர்களுக்கான பொறுப்பைப் பேக்கேஜ் பாலிசிதான் ஏற்கும், சட்டக் கட்டாயத்துக்கான பாலிசி ஏற்காது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. பேக்கேஜ் பாலிசி என்பது நாம் ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்வதுதான். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவை உதவியாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது, நம் தவறால் விபத்து நேர்ந்து அவர் இறந்துவிட்டால், அவர் குடும்பத்துக்கான இழப்பீடு கார் உரிமையாளர் தலையில் விழும். ஓய்வூதியமும் ஒரு வீடும் மட்டுமே உள்ள பெரியவருக்கு அது தாங்காது. காரில் அடிக்கடி மற்றவர்களை ஏற்றிச் செல்பவர் என்றால், கார் எவ்வளவு பழையதானாலும் பேக்கேஜ் பாலிசியே எடுங்கள். பழைய காரின் மதிப்பு குறைவு என்பதால் அதற்கான கூடுதல் கட்டணமும் குறைவாகவே இருக்கும். மிகப் பழைய காருக்கு ஒரு கம்பெனி தயங்கினால் இன்னொன்றைக் கேளுங்கள்.

கார் யார் பெயரில்?

பாலிசியோடு 'ஓனர்-டிரைவர்' விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய்க்கு வரும். பெயரைக் கவனியுங்கள்: பதிவுச் சான்றில் உரிமையாளராக இருப்பவரே, செல்லத்தக்க லைசென்ஸுடன் ஓட்டினால்தான் இது பொருந்தும். மகன் துபாயில் இருக்கிறார், கார் அவர் பெயரில், இங்கே ஓட்டுவது அத்தா என்றால் அத்தாவுக்கு இந்த 15 லட்சம் கிடைக்காது. காரை அத்தா பெயருக்கு மாற்றலாம். அல்லது அவருக்குத் தனி விபத்துக் காப்பீடு எடுக்கலாம். 'சரல் சுரக்ஷா பீமா' என்ற பொதுவான விபத்துப் பாலிசியில் 70 வயது வரை சேரலாம். ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொள்பவர்கள், 'சம்பள டிரைவருக்கான சட்டப் பொறுப்பு' என்ற வரி பாலிசியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 50 ரூபாய் அளவில்தான் ஆகும்.

லைசென்ஸ் தேதி

55 வயதுக்குப் பிறகு லைசென்ஸை ஐந்து ஐந்து ஆண்டுகளுக்குத்தான் புதுப்பித்துத் தருவார்கள். படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்று வேண்டும். காலாவதியாகி ஓராண்டு தாண்டினால் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும். காலாவதியான லைசென்ஸுடன் விபத்து நேர்ந்தால் நம் காருக்கான கிளெய்மைக் கம்பெனி மறுக்கலாம். வெளியாளுக்குக் கொடுத்த இழப்பீட்டையும் பின்னர் நம்மிடமே வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கக்கூடும். பாலிசி தேதியும் லைசென்ஸ் தேதியும் ஒரே காகிதத்தில் எழுதி வீட்டில் ஒட்டிவையுங்கள்.

மழையும் சிராய்ப்பும்

பேக்கேஜ் பாலிசி வெள்ளச் சேதத்துக்குப் பணம் தரும். ஆனால் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து என்ஜின் கெட்டால், 'என்ஜின் பாதுகாப்பு' என்ற கூடுதல் காப்பீடு இல்லாமல் பெரும்பாலும் கிடைக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த நமக்கு, துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்குவதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தண்ணீரில் நின்ற காரைத் தொடாமல் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, இழுவை வண்டியில் எடுத்துச் செல்வதே சரி.

உஸ்மான் சாலை நெரிசலில் விழும் சிறு சிராய்ப்புக்கெல்லாம் கிளெய்ம் கேட்காதீர்கள். ஐந்து ஆண்டு கிளெய்ம் இல்லாவிட்டால் சொந்தச் சேதப் பிரிமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. பிரிமியம் 8,000 ரூபாய் என்றால் நீங்கள் கட்டுவது 4,000. ஒரு கிளெய்ம் கேட்டால் அடுத்த ஆண்டு முழு 8,000. பிறகு தள்ளுபடி 20, 25, 35, 45 சதவீதம் என்று ஏறித்தான் மீண்டும் 50க்கு வரும். பிரிமியம் மாறாமல் இருந்தாலே மொத்த இழப்பு 10,000 ரூபாய். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் இந்தத் தள்ளுபடி போய்விடும். குறைவாக ஓட்டுபவர்கள், ஓடும் கிலோமீட்டருக்கேற்பக் கட்டும் திட்டம் உண்டா என்று கேளுங்கள். 2022 முதல் அதற்கு அனுமதி இருக்கிறது.

தேர்டு பார்ட்டி காப்பீடு சட்டக் கட்டாயம். அதற்கு மேலானது மார்க்க ரீதியில் கூடுமா என்று ஐயமுள்ளவர்கள் தங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கேட்கும்போது, காரில் வருபவர்களுக்கான பொறுப்பு பற்றி மேலே சொன்னதையும் அவரிடம் சொல்லுங்கள்.

நியாயமான கிளெய்மைக் கம்பெனி மறுத்தால் முதலில் அதன் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 155255 என்ற எண்ணில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடமும் புகார் செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தியாக இல்லாவிட்டால், தேனாம்பேட்டை அண்ணா சாலையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.