வெப்பம் அழிக்கும் தடங்கள்

ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் நீர், கிளியூர் அருவியாகச் சுமார் 300 அடி விழுகிறது. சேர்வராயன் மலையின் பெரும்பகுதி சார்னகைட்டு என்னும் கருநிறப் பாறையால் ஆனது. சென்னைப் பரங்கிமலையிலும் இவ்வகைப் பாறையே உள்ளது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 700 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் இப்பாறை உருவாயிற்று. ஆழத்தில் பிறந்த பாறை எப்போது மேலே வந்தது? இதைக் கணிக்க ஒரு வழி உண்டு.

இத்தகைய பாறைகளில் அபடைட்டு என்னும் கனிமத்தின் நுண்ணிய படிகங்கள் உள்ளன. அவற்றில் மிகச் சிறிதளவு யுரேனியமும் கலந்திருக்கும். யுரேனியம் 238 அணுக்கள் பெரும்பாலும் ஆல்ஃபா துகளை உமிழ்ந்தே சிதைகின்றன. ஆனால் ஏறத்தாழ 20 லட்சம் சிதைவுகளுக்கு ஒருமுறை, அணுக்கரு தானாகவே இரண்டாகப் பிளக்கிறது. துண்டுகள் எதிரெதிர்த் திசைகளில் பாய்ந்து, வழியிலுள்ள அணுக்களை இடம்பெயரச் செய்கின்றன. இதனால் சுமார் 0.016 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு தடம் உண்டாகிறது. படிகத்தை மெருகேற்றி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் சில விநாடிகள் வைத்தால், சேதமடைந்த இடங்களை அமிலம் விரைவாக அரிக்கும். அப்போது தடங்களை நுண்ணோக்கியில் எண்ணலாம். தடங்களின் எண்ணிக்கையும் யுரேனியத்தின் அளவும் தெரிந்தால், காலத்தைக் கணக்கிடலாம்.

ஆனால் வெப்பம் இத்தடங்களை அழித்துவிடும். செம்புத் தகட்டை அடிக்க அடிக்க அது விறைத்துப்போகும். நெருப்பிலிட்டு எடுத்தால் மீண்டும் இளகும். வெப்பத்தால் அதிரும் அணுக்கள் பழைய ஒழுங்குக்குத் திரும்புவதே காரணம். படிகத்திலும் இவ்வாறே நிகழ்கிறது. ஆய்வுக்கூட உலையில் 400 டிகிரி அளவில் ஒரு மணி நேரம் வைத்தால், அபடைட்டின் தடங்கள் மறைந்துவிடும். பூமிக்குள் பல லட்சம் ஆண்டுகள் கிடைப்பதால், சுமார் 110 டிகிரியே போதும். 60 டிகிரிக்கு மேல் அவை குறுகத் தொடங்கும்.

பூமிக்குள் செல்லச் செல்ல, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 டிகிரி வெப்பம் கூடுகிறது. எனவே 3 அல்லது 4 கிலோமீட்டருக்குக் கீழே தடங்கள் தங்குவதில்லை. மேலிருந்த பாறை தேய்ந்து, கீழிருந்தது இந்த ஆழத்தைத் தாண்டிக் குளிர்ந்த பிறகே தடங்கள் சேர்கின்றன. ஆகவே அபடைட்டு காட்டுவது பாறை பிறந்த காலமன்று. அது குளிர்ந்த காலமாகும். சிர்க்கான் என்னும் கனிமத்தின் தடங்கள் 200 டிகிரி வரையிலும் நிலைத்திருக்கும். அது இன்னும் முந்தைய காலத்தைச் சொல்லும்.

இன்று நாம் ஏறும் மலை, ஒருகாலத்தில் பல கிலோமீட்டர் தடிப்புள்ள பாறைக்கு அடியில் புதைந்திருந்தது. அதைக் கரைத்த வேலையைத்தான் கிளியூர் ஓடை இன்றும் செய்துகொண்டிருக்கிறது.