முன்பணம் தருகிறேன் என்று வரும் போன்

2024 ஆடி மாதம் நம் கடைக்கு வந்த ஒரு போனைப் பற்றி எழுதச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் சங்கக் கூட்டத்தில் விசாரித்தபோது கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கத்து அன்பர்கள் மூன்று பேர் தங்களுக்கும் இதே போன் வந்ததாகச் சொன்னார்கள். ஆகவே எழுதுகிறோம்.

பேசியவர் ஆவடி முகாமிலிருந்து பேசும் ராணுவ சுபேதார் என்று சொல்லிக்கொண்டார். இந்தி கலந்த தமிழ். சிப்காட் தொழிற்பேட்டையில் வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைந்து, நம் பிள்ளைகளே கல்லாவில் உட்கார்ந்து இந்தி பேசும் காலம் இது. அதனால் சந்தேகம் எழவில்லை. பொன்னி அரிசி 20 மூட்டை, துவரம் பருப்பு 2 மூட்டை, பாமாயில் 15 டின் என்று ஆர்டர். விலையில் ஒரு வார்த்தை பேரம் இல்லை. நாற்பது வருடம் வியாபாரம் செய்த நமக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். மொத்தமாக எடுப்பவன் மூட்டைக்கு ஐந்து ரூபாயாவது குறைக்கச் சொல்லாமல் விடுவானா?

அடையாள அட்டையின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. சரக்கு ஏற்றும் முன்பே பாதிப் பணம் போடுகிறேன், எங்கள் கணக்குப் பிரிவின் முறை வேறு, முதலில் நீங்கள் 5 ரூபாய் அனுப்புங்கள், 10 ரூபாயாகத் திரும்பும் என்றார். அனுப்பினோம்; 10 ரூபாய் வந்தது. பிறகு ஒரு க்யூஆர் படத்தை அனுப்பி, இதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் 38,500 ரூபாய் உங்கள் கணக்கில் ஏறும் என்றார். கல்லாவில் இருந்த நம் மூத்த மகன் போட்டான். ஏறவில்லை, போயிற்று.

யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. க்யூஆரை ஸ்கேன் செய்வதும் பணம் கொடுப்பதற்குத்தான். இருப்புப் பார்ப்பது போன்றவை தவிர, பின் நம்பர் கேட்டால் நம் பணம் வெளியே போகப் போகிறது என்று அர்த்தம். ஒரு தனிநபர் இன்னொருவருக்கு 'பணம் கொடு' என்று கோரிக்கை அனுப்பும் வசதியைத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் எடுத்துவிட்டது. க்யூஆர் வழி அப்படியே இருப்பதால் இந்த ஏமாற்று அதோடு நிற்கப் போவதில்லை.

பத்து நிமிடத்தில் மகன் 1930க்குப் போன் செய்தான். இது நாடு முழுவதற்குமான சைபர் குற்றப் புகார் எண். திருடியவன் பணத்தை ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று ஓட்டிக்கொண்டே இருப்பான். வெளியே எடுக்கும் முன், எந்த வங்கியில் நிற்கிறதோ அங்கே பிடித்து நிறுத்துவதே வழி. அதனால்தான் நிமிடக் கணக்கு. நம் பணத்தில் 21,000 அப்படி நின்றது, மீதி கைமாறிவிட்டது. நின்ற பணத்தைப் பெறவும் கோர்ட்டு மனு, வங்கிக் கடிதம் என்று எட்டு மாதம் நடந்தோம். பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தொகை, நேரம் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

வங்கி ஈடு செய்யாதா என்று கேட்கலாம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிப்படி, நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் நபரால் பணம் போய், தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நஷ்டம் நம்மைச் சேராது. நாமே பின் நம்பர் போட்டுக் கொடுத்த பணத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

சில்லறைக் கடை அன்பர்களுக்கு வேறு தொல்லை. மாலை 7 மணிக் கூட்டத்தில் பணம் போனதாகப் பச்சை டிக் காட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அந்தத் திரையைப் போலியாகக் காட்டவே செயலிகள் உண்டு. நம் ஸ்பீக்கர் பெட்டி சொல்ல வேண்டும், அல்லது நம் போனில் வரவு தெரிய வேண்டும். கடை வாசலில் ஒட்டிய க்யூஆர் மேல் இரவோடு இரவாக வேறு க்யூஆரை ஒட்டுபவர்களும் உண்டு. காலையில் கடை திறந்ததும் ஒரு தடவை ஸ்கேன் செய்து நம் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, நாம் ஏமாறாமலே மாட்டிக்கொள்வது. எங்கோ ஏமாற்றிய பணத்தில் ஒருவன் நம்மிடம் ஒரு டின் எண்ணெய் வாங்கிவிட்டால், வேறு மாநிலப் போலீஸ் கடிதம் எழுதி நம் கணக்கு முழுவதும் முடங்கிவிடுகிறது. செக் திரும்புகிறது, மில்காரருக்குப் பதில் சொல்ல முடிவதில்லை. 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கில், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் இருப்பில் நிறுத்திவிட்டு மீதிக் கணக்கை இயக்க அனுமதித்தது. வங்கி மேலாளரிடம் எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த விற்பனையின் பில் நகலை அந்த நிலையத்துக்கு அனுப்பி, தொகையை மட்டும் நிறுத்திவைக்க மனுக் கொடுங்கள். பில் போடாமல் விற்றிருந்தால் இங்கே காட்ட ஒன்றும் இருக்காது. நாம் இப்போது க்யூஆர் வரவுக்கென்று தனிக் கணக்கு வைத்து, மில்காரருக்குக் கொடுக்கும் கணக்கை அதிலிருந்து பிரித்துவிட்டோம்.